மேற்கே கடல், மேற்கே வெயில்: 35 மாடிக் குடியிருப்பை எப்படி வரைவது?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "வெப்பமண்டலக் கடற்கரை நகரம் ஒன்றில் 35 மாடி சொகுசுக் குடியிருப்பு வடிவமைக்கிறோம். மாடிக்கு இரண்டு வீடு. கடல் மேற்கே இருப்பதால் அந்தப் பக்கம் தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி வேண்டும் என்கிறது விற்பனைக் குழு. லோ-ஈ பூச்சு (வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் மெல்லிய படலம்) உள்ள இரட்டைக் கண்ணாடி போட்டால் வெயில் பிரச்சினை தீர்ந்துவிடுமாம். உண்மையா? வேறு எதைக் கவனிக்க வேண்டும்?"

தீராது. இரட்டைக் கண்ணாடியின் முழுப் பலன் குளிர்நாட்டில்தான் தெரியும், அங்கே உள்ளுக்கும் வெளிக்கும் 25, 30 டிகிரி வித்தியாசம் இருக்கும். உங்கள் கட்டடத்தில் உள்ளே 24, வெளியே 33 என்று வைத்தாலும் 10 டிகிரிக்குள் முடிந்துவிடுகிறது. உங்கள் தொல்லை நேராக அடிக்கும் வெயில். சின்னக் கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். ஹாலில் 6 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் கண்ணாடி, அதாவது 18 சதுர மீட்டர். தெளிவான நாளில் பிற்பகல் வெயில் மேற்குச் சுவரில் சதுர மீட்டருக்கு 600 வாட் அளவில் விழும். நல்ல கண்ணாடி அதில் கால் பங்கை உள்ளே விடுகிறது என்றாலும் 2,700 வாட் வந்துவிடும். ஒரு டன் ஏசி வெளியேற்றும் வெப்பமே சுமார் 3,500 வாட்தான். ஆக ஒரு ஹாலின் கண்ணாடிக்காக மட்டும் முக்கால் டன். அப்புறம் கண் கூசும், குடியிருப்பவர் தினமும் மதியம் கனத்த திரையை இழுத்து மூடிவிடுவார். எந்தக் கடலைக் காட்டி வீட்டை விற்றீர்களோ அந்தக் கடலே அவருக்குத் தெரியாமல் போகும். எனக்கு இதுதான் பெரிய வருத்தம்.

வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே நிறுத்த வேண்டும், அதற்கு ஆழமான வராண்டாதான் வழி. தெற்கு, வடக்குப் பக்கங்களில் சூரியன் உயரத்தில் இருப்பதால் ஒரு மீட்டர் சன்ஷேட் பெரும்பாலும் போதும். மேற்கில் அப்படியல்ல. நிலநடுக்கோட்டில், மார்ச் 21 வாக்கில் 3 மணிக்குச் சூரியன் 45 டிகிரி உயரத்தில் இருக்கும், 4 மணிக்கு 30 டிகிரி, 5 மணிக்கு 15. மூன்று மீட்டர் கண்ணாடியை 3 மணி வரை முழுக்க நிழலில் வைக்க 3 மீட்டர் ஆழ வராண்டா வேண்டும், 4 மணி வரை என்றால் 5 மீட்டருக்கும் மேல், 5 மணிக்கோ 11 மீட்டர், அது நடக்காத காரியம். அதனால் வராண்டா 3 மீட்டர், அதன் வெளி விளிம்பில் தள்ளி மூடக்கூடிய லூவர் ஷட்டர் (சாய்ந்த பட்டைகள் கொண்ட தடுப்பு), இந்த இரண்டும் சேர்ந்ததுதான் விடை. ஷட்டரைக் கண்ணாடிக்கு உள்பக்கம் போட்டுவிடாதீர்கள், உள்ளே வந்த சூடு வந்ததுதான்.

மும்பையில் கட்டடக் கலைஞர் சார்லஸ் கோரியா இதே சிக்கலைச் சந்தித்தார். 1983-இல் முடிந்த காஞ்சன்ஜங்கா கட்டடம், 28 மாடி, 32 வீடுகள். அங்கேயும் கடலும் காற்றும் மேற்கே, கடும் வெயிலும் பருவமழையும் அதே மேற்கே. பழைய பங்களாக்களில் வராண்டா அறைகளைச் சுற்றி நின்று காத்த மாதிரி, மூலைகளில் இரண்டு மாடி உயரத் திறந்த தோட்டத் தளங்களைக் குடைந்து அறைகளை உள்ளே தள்ளிவைத்தார். 40 ஆண்டு கழித்தும் அது பேசப்படுகிறது.

அடுத்தது காற்று. மாடிக்கு இரண்டே வீடு என்பது உங்களுக்குக் கிடைத்த வரம், வீணாக்காதீர்கள். லிஃப்டும் படிக்கட்டும் நடுவில் நின்றால் ஒவ்வொரு வீட்டுக்கும் மூன்று பக்கம் திறந்திருக்கும், கடல்காற்று ஹாலில் நுழைந்து பின்பக்கமாக வெளியேறும். பாங்காக்கில் 2009-இல் முடிந்த 66 மாடி 'தி மெட்' கட்டடத்தைப் பாருங்கள், கோபுரத்தையே பிளந்து இடைவெளி விட்டு, இடையிடையே வான்தோட்டங்களால் இணைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு வீட்டிலும் காற்று ஊடுருவிப் போக அதுவே காரணம்.

ஆனால் உயரத்தில் காற்று அடங்காது. திறந்த கடலோரத்தில் 10 மீட்டர் உயரத்தில் இருப்பதைவிட 100 மீட்டரில் வேகம் சுமார் 1.4 மடங்கு, அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும் என்பதால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. மேல்மாடிகளில் வெளியே நீட்டிய பால்கனியில் பல நாள் உட்காரவே முடியாது, உள்வாங்கிய வராண்டாவில் முடியும். மழையும் அங்கே பக்கவாட்டில் வரும், சுவரை ஒட்டி மேல்நோக்கிக்கூட ஏறும். வராண்டாத் தளத்தை அறைத் தளத்தைவிடத் தாழ்த்திவிடுங்கள், செடித்தொட்டி வரும் இடத்தில் இன்னும் கூடுதலாக. ஈர மண் கன மீட்டருக்கு இரண்டு டன்னை நெருங்கும் என்பதை ஸ்ட்ரக்சுரல் பொறியாளரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

வரைபடத்தில் கடைசியாக யோசிக்கப்படுவது ஏசி அவுட்டோர் யூனிட். ஒரு குறுகிய குழிக்குள் 35 மாடிக்கும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் கீழிருப்பவை விடும் சூடு மேலேறி, மேல்மாடி யூனிட்டுகள் அதையே இழுத்துத் திணறும். உச்சிமாடி வாங்கியவருக்குத்தான் மோசமான ஏசி கிடைக்கும். சூடான காற்று நேராக வெளியே போக வேண்டும், பழுது பார்ப்பவர் பாதுகாப்பாக நிற்க இடமும் வேண்டும். இன்னொன்று, ஏசி அறையின் சுவருக்கு மறுபுறம் ஈரக்காற்று வரும் இடமாக இருந்தால் சுவர் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும், அதில் ஒட்டி அலமாரி வைக்காதீர்கள்.

வெளிச்சுவரை மூட, எரியும் பாலிஎத்திலீன் (பிளாஸ்டிக்) உள்ளீடுள்ள அலுமினியப் பலகை எந்த விலைக்கும் வேண்டாம். 2017-இல் லண்டன் கிரென்ஃபெல் கோபுரத்தில் தீ வெளிச்சுவர் வழியே பரவி 72 பேர் இறந்தார்கள்.

சரி, உடனே செய்ய வேண்டியது: தூண்களின் இடம் முடிவாகும் முன்பே கட்டடத்தின் சிறிய மாதிரி செய்து, காற்றை வேகமாக வீசிப் பார்க்கும் காற்றுச்சுரங்கச் சோதனைக்கு அனுப்புங்கள். பிறகு கதவு, ஷட்டர், வராண்டா விளிம்பு எல்லாம் சேர்ந்த ஒரு பகுதியை முழு அளவில் கட்டி, விசிறி வைத்துத் தண்ணீர் பீய்ச்சிப் பாருங்கள். அது ஒழுகாமல் நின்ற பிறகு மற்ற மாடிகளுக்கு ஆர்டர் கொடுங்கள்.