மூன்று பலகைகளில் எது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். மரங்களைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிப்பவன். இங்கிலாந்தில் லெஸ்டர் அருகே வசிக்கிறேன். வானில் எறியும் களிமண் தட்டுகளைத் துப்பாக்கியால் சுட்டு விளையாடும் மன்றம் ஒன்றில் உறுப்பினன், துப்பாக்கி உரிமம் இருக்கிறது. போன வருடம், 1920களில் பர்மிங்காமில் செய்யப்பட்ட 12 போர் (குழல் அளவு) இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்றை வாங்கினேன். சுடும் பொறி இரும்புப் பெட்டிக்குள் அடங்கிய பெட்டி விசை வகை. இரும்பு வேலை முழுவதும் உறுதி. ஆனால் தோளில் வைக்கும் மரக்கட்டையில், இரும்போடு சேரும் தலைப்பகுதி கறுத்து மெத்தென்று ஆகிவிட்டது, கை பிடிக்கும் கழுத்தில் விரிசல். குழலுக்கு அடியில் இருக்கும் முன்கட்டை நன்றாக இருக்கிறது. புதுக் கட்டைதான் போடவேண்டும் என்று சொன்ன துப்பாக்கித் தச்சர், மூன்று வால்நட் பலகைகளின் படங்களை அனுப்பியிருக்கிறார். முதலாவதில் முழுக்கத் தீ நாக்குகளாக ரேகை, விலையும் அதிகம். இரண்டாவதில் கழுத்து வரும் இடம் நேராக, சாதாரணமாக இருக்கிறது. பின்பாதியில் கருங்கோடுகள் புகையாகப் படர்கின்றன. மூன்றாவது வெறும் நேர்க்கோடுகள், மலிவு. என் மனம் முதலாவதிலேயே நிற்கிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

இரண்டாவதை எடுங்கள். முதலாவதின் மேல் உங்களுக்கு ஏன் ஆசை என்பது புரிகிறது. ஆனால் அந்த மரம் ஒரு மேசைப் பலகையாகவோ அலமாரிக் கதவாகவோ ஆகவேண்டியது.

கட்டையில் மிக மெலிந்த இடம் கழுத்து. சுடும்போது பின்னுதைப்பு அதன் வழியாகத்தான் தோளுக்குப் போகிறது. கட்டை தலையிலிருந்து தோள்முனைவரை சற்றே கீழிறங்கிச் செல்லும்; கழுத்தில் நாரோட்டமும் அந்தச் சரிவோடு சேர்ந்து இறங்க வேண்டும். நார்கள் சாய்வாகப் பக்கவாட்டில் வெளியேறினால், விரிசல் அந்த வழியைப் பிடித்துக்கொள்ளும். தீ நாக்கு ரேகை பெரும்பாலும் கிளை பிரியும் கவையில் அறுத்த மரம். அங்கே இரண்டு திசை நார்கள் வந்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. கண்ணைப் பறிப்பது அந்தப் பின்னல்தான். தோள்முனைப் பக்கம் இருந்தால் அதனால் கெடுதல் இல்லை. கழுத்தில் இருந்தால் அங்கேதான் உடையும்.

இன்னொன்று. கழுத்தில் கை வழுக்காமல் இருக்க, இரு பக்கமும் பொடிப்பொடியான சாய்சதுரங்களாகச் செதுக்குவார்கள். நீங்கள் பணம் கொடுத்து வாங்கிய ரேகை அங்கே அந்தக் கட்டங்களுக்குள் காணாமல் போய்விடும். நல்ல தச்சர் ரேகையைக் கழுத்துக்குப் பின்னால்தான் திறந்துவிடுவார். பர்டி, பாஸ், ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் ஆகிய லண்டன் பட்டறைகளின் பழைய துப்பாக்கிகளைப் பாருங்கள்: தலையும் கழுத்தும் அடக்கமாக நேரே வரும், அதன்பிறகு கருங்கோடுகள் விரியும். எனக்கு இதைவிட அழகான மரவேலை தெரியாது. அவற்றில் விசைப் பொறியைத் தாங்கும் தகடுகளைப் பக்கவாட்டில் புதைக்க மரத்தைக் குடைந்துவிடுவதால், எஞ்சும் சுவர் மெல்லியது. அங்கே மரத்தைத் தப்பாகத் தேர்ந்தெடுக்க முடியாது. உங்களுடையது வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் பட்டறையில் ஆன்சன், டீலி என்ற இருவர் 1875இல் காப்புரிமை பெற்ற வகை. பொறி இரும்புப் பெட்டிக்குள்ளேயே அடங்கிவிடுவதால் மரத்தை அவ்வளவு குடைய வேண்டியதில்லை. ஆனாலும் கழுத்து கழுத்துதான்.

படத்தை மட்டும் நம்பி முன்பணம் கொடுக்காதீர்கள். பலகையின் ஒரு முகத்தைத்தான் படத்தில் பார்த்திருப்பீர்கள். மறுமுகத்தையும் மேல்விளிம்பையும் கேளுங்கள். நார் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடுவதை மேல்விளிம்பு காட்டிக்கொடுத்துவிடும். நேரில் போக முடிந்தால் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் ஒருமுறை துடைக்கச் சொல்லுங்கள். சாம்பல் பூத்துக் கிடக்கும் பலகையில் தேன் நிறம் எழும்பும், கருங்கோடுகள் கூர்மையாகும். எண்ணெய் போட்டபின் வரப்போகும் நிறம் ஏறக்குறைய அதுதான். ஈரம் காய்வதற்குள் பலகையை வெளிச்சத்தில் மெல்லச் சாய்த்துப் பாருங்கள். நார் அலையலையாக வளர்ந்த மரமானால் வயலினின் முதுகில் தெரிவதுபோலக் குறுக்குப் பட்டைகள் தெரியும். சாய்க்கச் சாய்க்க இருண்டது வெளுக்கும், வெளுத்தது இருளும். படத்தில் இது சரியாக விழுவதே இல்லை. மங்கலான மூன்றாவது பலகைகூட அப்போது உங்களை வியக்கவைக்கலாம்.

ஓரத்தில் வெளிறிய பட்டை இருந்தால் அது வைரம் பாயாத வெள்ளை மரம். சாயம் பூசி மறைப்பார்கள். துளைப்பூச்சி முதலில் தேடிவருவது அதைத்தான். முழுக்க உலர்ந்ததா என்பதற்கு எளிய சோதனை தராசு. ஒரு மாத இடைவெளியில் நிறுத்துப் பார்க்கையில் எடை குறைந்துகொண்டே வந்தால் மரம் இன்னும் ஈரத்தை விட்டுக்கொண்டிருக்கிறது. அந்த நிலையில் உளி வைக்கக்கூடாது. எடை இன்னொரு விதத்திலும் முக்கியம். கருங்கோடு நிறைந்த மரம் கனமாக இருந்தால் துப்பாக்கி பின்பக்கம் சாயும். தோள்முனையில் துளையிட்டுக் குறைக்கலாம், ஆனால் அதைத் தச்சரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

ஊர்ப் பெயருக்குக் காசு கொடுக்காதீர்கள். பிரெஞ்சு, காகசஸ், துருக்கி என்று விற்பவை எல்லாம் ஒரே இனம்தான். நம் கடைகளில் அக்ரூட் என்று பருப்பு விற்கிறார்களே, அதே மரம். காஷ்மீரில் செதுக்குபவர்களும் இதைத்தான் கையாள்கிறார்கள். அவர்களிடமும் அடித்தூரிலிருந்தும் வேரிலிருந்தும் வரும் கரிய மரத்துக்கே மதிப்பு அதிகம். அமெரிக்கக் கறுப்பு வால்நட் மட்டும் வேறு இனம். பலகையைப் பாருங்கள், சீட்டைப் பார்க்காதீர்கள்.

நீங்கள் போகிறபோக்கில் சொன்ன முன்கட்டைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அது அந்தத் துப்பாக்கியோடு பிறந்தது. அதைக் கையோடு எடுத்துச்சென்று பலகையின் அருகே வைத்துப் பாருங்கள். உங்கள் வகைத் துப்பாக்கிகளில் பெரும்பாலானவை அடக்கமான மரத்தோடுதான் பட்டறையை விட்டுக் கிளம்பின. முன்னே சாதுவான மரமும் பின்னே தீ நாக்கும் இருந்தால் இரண்டு துப்பாக்கிகளை ஒட்டவைத்ததாகத் தோன்றும். சிறிய நிற வேறுபாட்டைச் சரிசெய்யலாம். அல்கானெட் என்ற வேரை ஊறவைத்துச் சிவப்பேற்றிய ஆளிவிதை எண்ணெயைத் துளித்துளியாக உள்ளங்கையால் தேய்த்து ஏற்றுவது இங்கிலாந்தின் பழைய முறை. வாரக்கணக்கில் ஆகும். அவசரப்பட்டுக் கண்ணாடிபோல் மினுங்கும் வார்னிஷுக்குச் சம்மதிக்காதீர்கள்.

பழைய கட்டையின் தலை கறுத்ததற்குக் காரணம் அநேகமாக எண்ணெய். குழல் மேல்நோக்கி நிற்க வைத்தால், துடைத்த எண்ணெய் வருடக்கணக்கில் இறங்கி மரத்தில் ஊறும், நார் நைந்துபோகும். புதுக் கட்டை வந்ததும் எண்ணெயைக் குறைத்துப் பூசுங்கள். குழல் வாயைக் கீழ்நோக்கி வைத்துப் பழகுங்கள். மரத்தில் உளி வைக்கும் முன் உங்கள் தோளுக்கும் கன்னத்துக்கும் அளவெடுக்கச் சொல்லுங்கள். இரண்டாவது பலகையின் மேல்விளிம்பில் நார் பக்கவாட்டில் ஓடுகிறது என்றால், தயங்காமல் மூன்றாவதை வாங்கிவிடுங்கள்.