பசும்பால் வேண்டாம், பாலாடையும் வேண்டாம்: காட்டு முயல் குட்டிகள் பற்றி வாசகர் கேள்விகள்

மல்லாட்டை (வேர்க்கடலை) பிடுங்கும் பருவத்தில் ஆண்டுதோறும் இந்தப் பகுதிக்கு முயல் குட்டிகளைப் பற்றிக் கடிதங்கள் வரும். இம்முறை வந்தவற்றில் நான்கை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எங்கள் மல்லாட்டைக் கொல்லையில் செடி பிடுங்கும்போது வரப்போரப் புல்லில் இரண்டு முயல் குட்டிகள் அசையாமல் கிடந்தன. வெகுநேரம் பார்த்தும் தாயைக் காணோம். பாவமாக இருந்ததால் வீட்டுக்குக் கொண்டுவந்து, பேரனுக்கு வாங்கிய பாலாடையால் (பால் புகட்டும் சிறு கிண்ணம்) தண்ணீர் கலந்த பசும்பாலைப் புகட்டினோம். மூன்றாம் நாள் ஒன்று இறந்துவிட்டது. மற்றதற்கு வயிறு உப்பிக் கழிச்சலும் போகிறது. எந்தப் பால் கொடுத்தால் பிழைக்கும்? – வாசகி, செங்கம்.

பதில்: கடிதத்தில் தொலைபேசி எண் இருந்ததால் அன்றே பேசினேன். பாலை நிறுத்திவிட்டு அருகிலுள்ள கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோகச் சொன்னேன். அந்தக் குட்டியும் மறுநாள் விடியலில் இறந்துவிட்டது என்று பிறகு தெரிவித்தார்கள். இனிக் குட்டிகளைக் காணப்போகிறவர்களுக்குப் பயன்படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். அந்த அம்மாள் மனம் நோக வேண்டியதில்லை. கால்நடை மருத்துவப் பணியில் சேர்ந்த புதிதில் நானும் தண்ணீர் கலந்த பசும்பாலையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்தக் குட்டிகள் அனாதைகளாக இருந்திருக்க வாய்ப்புக் குறைவு. தமிழ்நாட்டு வயல்வெளிகளில் நாம் காண்பது கருங்கழுத்து முயல். பொந்து தோண்டிக் குட்டி போடும் பழக்கம் இதற்குக் கிடையாது. புல்லை உடலால் அழுத்திச் செய்த சிறு பள்ளமே அதன் படுக்கை. குட்டிகள் முழு மயிரோடும் திறந்த கண்களோடும் பிறக்கின்றன. பல குட்டிகளின் நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டும் இருக்கும். அவற்றை அங்கேயே விட்டுவிட்டுத் தாய் பகல் முழுவதும் வேறிடத்தில் பதுங்கியிருந்து, பொழுது சாய்ந்த பிறகு வந்து, சில நிமிடங்களில் பால் கொடுத்துவிட்டுப் போய்விடும். பெரும்பாலும் நாளுக்கு அந்த ஒரு வேளைதான். தாய் பக்கத்திலேயே படுத்திருந்தால் நரிக்கும் நாய்க்கும் அதன் வாடை குட்டிகளைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் அமைந்த ஏற்பாடு இது. ஆகவே பட்டப்பகலில் தாயைக் காணாதிருப்பதுதான் இயல்பு. இதை எடுத்துச் சொன்னாலும், தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பதுபோல, 'இல்லை ஐயா, தாய் கைவிட்டுவிட்டது' என்று சாதிப்பவர்கள் உண்டு.

அசையாமல் கிடந்தது என்கிறீர்கள். பிறந்த சில நாள்வரை ஆபத்து நெருங்கும்போது அசையாமல் கிடப்பதுதான் அதற்குத் தெரிந்த ஒரே தற்காப்பு. கையில் எடுத்த பிறகும் சாதுவாக இருக்கிறதே என்று பலர் மகிழ்கிறார்கள். அந்தச் சாதுத்தனம் முழுக்க முழுக்க அச்சம். விரலை அதன் விலாவில் மெல்ல வைத்துப் பார்த்தால் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்வது தெரியும்.

எனவே எடுத்த இடம் தெரிந்திருந்தால், அன்றே, முடிந்தால் இருட்டுவதற்குள், அதே இடத்தில் அல்லது அதிலிருந்து சில அடி தள்ளி இன்னும் பிடுங்காத செடிகளின் அடியில் வைத்துவிட்டு வந்துவிட வேண்டும். குட்டி நலமாகவும் கொழுகொழுவென்றும் இருந்தால் ஓரிரவு வீட்டில் இருந்திருந்தாலும் மறுநாள் மாலை வைத்துப் பார்க்கலாம். நாயைக் கட்டிப்போடுங்கள். நின்று வேடிக்கை பார்க்காதீர்கள். நீங்கள் நிற்கும்வரை தாய் வராது.

உண்மையிலேயே தாயை இழந்த குட்டி எது என்பதற்கு அடையாளங்கள் இருக்கின்றன. அருகில் தாய் வண்டியில் அடிபட்டோ நாய் கடித்தோ இறந்து கிடக்கும். அல்லது குட்டியின் மேல் சிற்றெறும்பு மொய்த்திருக்கும், ஈ முட்டையிட்டிருக்கும், காயம் இருக்கும், தொட்டால் உடல் சில்லென்றிருக்கும், பிடரித் தோலை இழுத்துவிட்டால் மடிப்பு உடனே படியாமல் அப்படியே நிற்கும். பூனை கவ்வியதாக இருந்தால், வெளியே காயம் தெரியாவிட்டாலும், அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். பூனையின் பல்லிலுள்ள கிருமிகள் சிறு குட்டியை ஓரிரு நாளில் கொன்றுவிடும். வீட்டில் குழந்தைக்கு வாங்கி மீந்த அமாக்சிசிலினை மட்டும் வாய்வழி கொடுத்துவிடாதீர்கள். முயலின் குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்களை அது அழித்துவிடுவதால், நோய்க்கு முன் மருந்தே உயிரை எடுத்துவிடும்.

இப்படிப்பட்ட குட்டியை வனத்துறையிடம் ஒப்படைக்கும்வரை ஓரிரவு வைத்திருக்க நேர்ந்தால், முதலில் சூடு, அடுத்து நீர், கடைசியாகத்தான் பால் என்ற வரிசை மாறக் கூடாது. குளிர்ந்த உடலில் செரிமானம் நடப்பதில்லை; அந்த நிலையில் ஊற்றிய பால் வயிற்றில் கிடந்து புளிக்கும். மூடியுள்ள அட்டைப் பெட்டியில் சில காற்றுத் துளைகள் இட்டு, பழைய பருத்தித் துணி விரித்து, வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துண்டில் சுற்றி ஒரு பக்கம் மட்டும் வையுங்கள். சூடு மிகுந்தால் குட்டி மறுபக்கம் நகர்ந்துகொள்ளும். தொலைக்காட்சியின் ஓசை, குழந்தைகளின் கை, நாயின் வாடை எதுவும் எட்டாத இருட்டறையில் பெட்டி இருக்கட்டும். உடல் சூடேறிய பிறகு ஓ.ஆர்.எஸ். கரைசலை வெதுவெதுப்பாக்கிச் சொட்டுச் சொட்டாகக் கொடுக்கலாம்.

இனிப் பால். முயலின் பாலில் கொழுப்பும் புரதமும் தனித்தனியே 10 சதவீதத்துக்கு மேல் இருக்கும். பால் சர்க்கரையோ 2 சதவீதத்தை ஒட்டியதுதான். பசும்பாலில் கொழுப்பு 4 சதவீதம், புரதம் 3க்குச் சற்று மேல், சர்க்கரை 5 சதவீதத்தை ஒட்டி. அதாவது குட்டிக்கு வேண்டியது பசும்பாலில் குறைவாகவும், வேண்டாதது மிகுதியாகவும் இருக்கிறது. அதிலும் தண்ணீர் கலந்தால் வேண்டியது இன்னும் குறைகிறது. செரிக்காத சர்க்கரை குடலில் புளித்து உப்புசமும் கழிச்சலும் ஆகிறது. கொழுப்பு மிகுந்த எருமைப்பால் ஆகாதா என்று கேட்பார்கள். அதிலும் சர்க்கரை பசும்பாலின் அளவேதான். வளர்ப்புப் பிராணிக் கடைகளில் கிடைக்கும் பூனைக்குட்டிப் பால்பொடியே நம் கைக்கு எட்டுவதில் நெருக்கமானது. அது கிடைக்காத ஊரில் ஓரிரு வேளைக்குத் தண்ணீர் கலக்காத ஆட்டுப்பாலால் சமாளிக்கலாம். சர்க்கரையோ தேனோ சேர்க்க வேண்டாம். இத்தனை செய்தும் ஒரு குறை இருந்துகொண்டே இருக்கும். தாய்ப்பால் குடிக்கும் குட்டியின் இரைப்பையில் அந்தப் பாலிலிருந்து கிருமிகளைத் தடுக்கும் கொழுப்பு அமிலங்கள் உண்டாகின்றன. புட்டிப்பால் குட்டிக்கு அந்தக் காப்பு இல்லை. சிரிஞ்சையும் கிண்ணத்தையும் ஒவ்வொரு வேளையும் கொதிநீரில் போட்டெடுக்கச் சொல்வது இதனால்தான்.

பால் எதுவென்பதைக் காட்டிலும் புகட்டும் விதத்தால் இறக்கும் குட்டிகளே அதிகம் என்பது என் அனுபவம். பாலாடை மனிதக் குழந்தைக்கானது; அதை லேசாகச் சாய்த்தாலே முயல் குட்டியின் வாய் கொள்ளாத அளவு பால் விழுந்துவிடும். ஒருமுறை ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் பிஸ்கட் பெட்டியில் ஒரு குட்டியைக் கொண்டுவந்தான். எப்படிப் புகட்டினாய் என்று கேட்டதும், தம்பிப் பாப்பாவைப் போல இடக்கையில் மல்லாத்திப் படுக்கவைத்துக் காட்டினான். குட்டியின் மூக்கில் பால் நுரை குமிழியிட்டு உடைந்துகொண்டிருந்தது. நெஞ்சில் காதை வைத்தால், ஈரச் சருகை மிதிப்பதுபோல ஒரு நறநறப்பு. புரையேறிய பால் நுரையீரலில் இறங்கிவிட்டால் எங்களால் செய்யக்கூடியது மிகக் குறைவு. அன்றிரவே அது இறந்தது.

ஆகவே குட்டியைத் தரையில் இயல்பாக அமர்ந்திருப்பதுபோல் துணியில் பொதிந்து நிறுத்தி, ஊசி நீக்கிய 1 மில்லி சிரிஞ்சை உதட்டின் ஓரத்தில் வைத்து, ஒரு சொட்டு விட்டு, அது நக்கி விழுங்கிய பிறகே அடுத்த சொட்டை விட வேண்டும். சமையலறைத் தராசில் எடை பாருங்கள். 100 கிராம் எடைக்கு ஒரு வேளைக்கு 5 மில்லிக்கு மேல் வேண்டாம். நாளைக்கு இரண்டு அல்லது மூன்று வேளை போதும். பசிக்கிறதோ என்று மணிக்கொருமுறை கொடுப்பது அன்புதான், ஆனால் அந்த வயிறு நாளுக்கு ஒரு வேளைக்குப் பழகியது. பால் கொடுத்ததும் வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் வாலடியை மென்மையாகத் துடைத்தால் சிறுநீர் கழிக்கும். தாய் நாவால் நக்கிச் செய்யும் வேலை இது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். காட்டு முயல் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட விலங்கு. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அட்டவணைகள் மாற்றியமைக்கப்பட்ட பின்பும் அந்தப் பாதுகாப்பு நீங்கவில்லை. அனுமதியின்றி வீட்டில் வளர்ப்பது குற்றம். கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் தெரிவித்து ஒப்படைக்க வேண்டும். வனச்சரக அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டால், உங்களுக்கும் பொறுப்பு இறங்கும்.

கேள்வி: என் பண்ணையில் குட்டி ஈன்ற வெள்ளை முயல் ஒன்று இருக்கிறது. வயலில் கிடைத்த காட்டு முயல் குட்டியை அதனிடம் விட்டால் பால் கொடுத்து வளர்க்காதா? பெரிதானால் இரண்டும் கலந்து நல்ல இனம் வராதா? – வாசகர், ஒட்டன்சத்திரம்.

பதில்: இரண்டையும் நாம் முயல் என்ற ஒரே சொல்லால் அழைப்பதால் வந்த குழப்பம் இது. பண்ணை முயல்களின் மூதாதை, வளை தோண்டி வாழும் ஐரோப்பாவின் வளைமுயல். உங்கள் பக்கத்திலேயே கொடைக்கானல் மன்னவனூரில் அரசு ஆராய்ச்சி நிலையத்தில் வளர்க்கப்படும் வெள்ளை ஜெயன்ட், சோவியத் சின்சில்லா ஆகியவையும் அந்த வழி வந்தவையே. அவை கண் மூடி, மயிரின்றி, 30 நாள் சினையில் பிறப்பவை. நம் காட்டு முயலின் சினைக்காலம் 40 நாளைத் தாண்டும். வளைமுயலுக்குக் குரோமோசோம்கள் 44, காட்டு முயலுக்கு 48. வேறு வேறு பேரினங்கள் என்பதால் கலப்புக்கே இடமில்லை. செவிலித்தாயாக விடுவதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்நிய வாடையுள்ள குட்டியைப் பெட்டைமுயல் கடித்துக் குதறிவிடலாம். கூண்டிலுள்ள நோய்கள் காட்டுக் குட்டிக்கும், வயலின் உண்ணியும் தெள்ளும் உங்கள் பண்ணைக்கும் வர வழி திறக்கும்.

கேள்வி: நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டுப் புல்வெளியை வெட்டும்போது முயல் கூடு ஒன்று கலைந்துவிட்டது. உள்ளே கண் திறக்காத நான்கு குட்டிகள். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்று என் மாமியார் தொட விடவில்லை. என்ன செய்வது? – வாசகர், எடிசன்.

பதில்: தாராளமாகத் தொடலாம், கையுறை இருந்தால் நல்லது. கை வாடைக்காகத் தாய் முயல் குட்டியைத் தள்ளிவிடும் என்பது நம்மூரைப் போலவே அங்கும் உலவும் பேச்சு, உண்மையில்லை. உங்கள் தோட்டத்திலுள்ளது பஞ்சுவால் முயல். அது ஆழமில்லாக் குழியில் தன் மயிரையும் காய்ந்த புல்லையும் மெத்தையாக்கிக் குட்டிகளை மூடி வைக்கும். காயம் இல்லையென்றால் அதே குழியில் அதே மெத்தையோடு வைத்து, மேலே நூலைக் கட்டம் கட்டமாகப் பரப்பிவிடுங்கள். தாய் வருவது அந்தியிலும் விடியலிலும்தான். மறுநாள் காலை நூல் கலைந்து, மெத்தை மட்டும் மூடியிருந்து, குட்டிகளின் வயிறு நிறைந்திருந்தால் வந்துபோயிருக்கிறது என்று பொருள். கண் திறக்க ஒரு வாரம் ஆகும். மூன்று வாரத்தில் டென்னிஸ் பந்தளவு ஆனதும் தாமே கிளம்பிவிடும். அதுவரை அந்தப் பக்கம் புல் வெட்ட வேண்டாம். நூல் கலையாமலே இருந்தாலோ, காயம் இருந்தாலோ, வன உயிர் மறுவாழ்வு உரிமம் பெற்றவரை அழையுங்கள். அங்கும் உரிமமின்றி வளர்ப்பதற்குச் சட்டம் இடம் தருவதில்லை.

கேள்வி: எப்படியோ ஒரு குட்டி எங்களிடம் பிழைத்துவிட்டது. 40 நாளாகிறது, முட்டைக்கோஸ், கேரட் எல்லாம் தின்கிறது. விட்டுவிட மனமில்லை, ஆனால் இரவெல்லாம் கூண்டில் முட்டிக்கொள்கிறது. – வாசகர், புதுக்கோட்டை.

பதில்: முட்டிக்கொள்வதிலேயே பதில் இருக்கிறது. இந்த வயதில் காட்டில் அது பால் மறந்து தனியாகத் திரிந்துகொண்டிருக்கும். முட்டைக்கோஸையும் கேரட்டையும் சிறிது சிறிதாகக் குறைத்து நிறுத்திவிட்டு, அறுகம்புல்லும் வயலோரச் சிறு செடிகளும் வேரோடும் மண்ணோடும் பிடுங்கிப் போடுங்கள். வெளியே கிடைக்கப்போவது அதுதான். மடியில் வைத்துக் கொஞ்சுவதை இன்றே நிறுத்த வேண்டும். நாயையும் மனிதரையும் கண்டு ஓடாத முயல் வெளியே ஒரு வாரம் தாங்காது. வனவரிடம் தெரிவித்து, அவர் காட்டும் இடத்தில், புதரும் புல்லும் கலந்த, சாலைக்கும் ஊருக்கும் தள்ளிய வெளியில், மழையில்லாத நாளின் அந்திப்பொழுதில் விடுங்கள். பெட்டியைப் புதரை நோக்கிப் பக்கவாட்டில் சாய்த்து, மூடியைத் திறந்து வைத்துவிட்டுப் பின்வாங்கி வந்துவிடுங்கள். அது வெளியே வர அரைமணி நேரம் ஆனாலும் பெட்டியைத் தட்ட வேண்டாம்.