சைக்கிள் சென்சாரும் போன் மேப்பும்: கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்

ஞாயித்துக்கிழமை காலையில ஏற்காடு அடிவாரத்துல வண்டிய நிறுத்தினாலே போதும், "அண்ணே, சென்சார் போன்ல சேரமாட்டேங்குது"ன்னு ரெண்டு பேராவது வந்துடறாங்க. மொத்தமா இங்கயே கேட்டுடுங்க. வேக சென்சார், பெடல் நிமிஷத்துக்கு எத்தனை சுத்துன்னு எண்ணுற கேடன்ஸ் சென்சார், இதயத்துடிப்பு பாக்குற மார்புப் பட்டை, மேப் ஆப். என் எல்லை இவ்வளவுதான். எந்த சைக்கிள் வாங்கலாம்னு கேட்டா பதில் வராது.

அஸ்தம்பட்டி: புது கேடன்ஸ் சென்சார் அண்ணே. போன் ப்ளூடூத் லிஸ்ட்ல பேரே வரல. பீஸ் போச்சா?

போகல தம்பி, தேடின இடம்தான் தப்பு. இயர்போன் போனோட சேரும், சென்சார் ஆப்போட சேரும். போன் செட்டிங்ஸ்ல கை வைக்கவே கூடாது. அங்க சேத்துட்டா சில போனுங்க சென்சாரைப் பிடிச்சு வச்சுக்கும், ஆப்புக்குக் கிடைக்காது. ஏற்கனவே சேத்திருந்தா அழிச்சிடுங்க. ஆடாம அசையாம இருந்தா சென்சார் தூங்கிடும், அதனால பெடலை நாலு சுத்து சுத்திக்கிட்டே ஆப்புக்குள்ள தேடுங்க. அப்பவும் வரலையா, அனுமதியப் பாருங்க. ஆண்ட்ராய்டு 12 முதல் "அருகிலுள்ள சாதனங்கள்"னு கேக்கும். 6லிருந்து 11 வரைக்கும் லொகேஷன் அனுமதி குடுத்து, லொகேஷனை ஆன்லயும் வச்சிருக்கணும். ப்ளூடூத்துக்கு எதுக்குடா லொகேஷன்னு சந்தேகப்பட்டு "வேண்டாம்"னு அமுக்கினவங்க நிறையப் பேர்.

கன்னங்குறிச்சி: கூகுள் மேப்ஸ்ல கேடன்ஸ் எங்க காட்டும்?

எங்கயும் காட்டாது. வழி சொல்றதோட அதுக்கு வேலை முடிஞ்சுது. வழியும் வேணும் சென்சாரும் வேணும்னா ஆஸ்மாண்ட், ரைடு வித் ஜிபிஎஸ் மாதிரி ஆப்புக்குப் போங்க. சைக்கிள் ஓட்டத்தைப் பதிவு பண்ற ஸ்ட்ராவா, 2019ல போன் ஆப்புலேர்ந்து சென்சார் இணைப்பையே எடுத்துட்டாங்க. கூச்சல் வந்ததும் 2020ல இதயத்துடிப்புக்கு மட்டும் திரும்பக் குடுத்தாங்க. அதனாலதான் தொண்டைத்தண்ணி வத்த சொல்றேன்: மொதல்ல ஆப்பை முடிவு பண்ணுங்க, அப்புறம் சென்சார் வாங்குங்க.

ஓமலூர்: நண்பர் குடுத்த பழைய வேக சென்சார், "ஆன்ட் பிளஸ்"னு மட்டும் போட்டிருக்கு. என்கிட்ட ஐபோன்.

சேராது சார். ஆன்ட் பிளஸ்ங்கிறது சென்சாருங்க பேசுற இன்னொரு கம்பியில்லா முறை. ப்ளூடூத்தும் அதுவும் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையிலதான் ஓடுது, ஆனா பாஷை வேற. ஐபோனுக்கு அந்தப் பாஷை தெரியாது. பழைய சாம்சங், சோனி சிலதுக்குத் தெரியும். நானும் ஒரு கடையில "எல்லா போனுக்கும் ஓடும் சார்"ங்கிற வார்த்தைய நம்பி இப்படி ஒண்ணு வாங்கி, ஒரு வருஷம் மேஜை டிராயர்ல வச்சிருந்தேன். அட்டைப்பெட்டியில ப்ளூடூத் குறி இருக்கான்னு கண்ணால பாத்துட்டு காசு குடுங்க.

சூரமங்கலம்: சைக்கிள் கம்ப்யூட்டர்ல சென்சார் ஓடுது. அதே நேரம் போன்லயும் வேணும்.

நல்ல கேள்வி. ஆன்ட் பிளஸ்ங்கிறது கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகை மைக்செட் மாதிரி, தெருவுல எத்தனை பேர் வேணா கேக்கலாம். ப்ளூடூத் போன் பேசுற மாதிரி, ஒருத்தர் பேசிட்டிருந்தா அடுத்தவருக்கு பிஸி. புது சென்சார் சிலது ரெண்டு மூணு ப்ளூடூத் இணைப்பு தாங்கும். உங்களோடது ரெண்டு பாஷையும் பேசுற சென்சாரா இருந்தா கம்ப்யூட்டரை ஆன்ட் பிளஸ்ல விடுங்க, ப்ளூடூத்தைப் போனுக்கு ஒதுக்குங்க. சண்டையே வராது.

அம்மாபேட்டை: ப்ளூடூத் லிஸ்ட்ல சென்சார் வரல...

அஸ்தம்பட்டி தம்பிக்குச் சொன்னதைப் படிங்க.

குகை: ஒரே ஏத்தத்துல ஜிபிஎஸ் 20.4 கிலோமீட்டர்ங்குது, சென்சார் 18.7ங்குது. எதை நம்ப? 29 இன்ச் டயர், 2.1 அகலம்.

ஆப்புல சக்கரச் சுற்றளவு என்ன போட்டிருக்கீங்க? 2096னு தானா வந்ததை அப்படியே விட்டிருப்பீங்க. அது ரோடு சைக்கிளோட ஒல்லி டயர் கணக்கு. உங்க டயர் சுமார் 2288 மில்லிமீட்டர். சென்சாருக்கு தூரம் தெரியாது, சுத்தை மட்டும்தான் எண்ணும். பெருக்கிச் சொல்றது ஆப்பு. 18.7ஐ 2096ஆல வகுத்து 2288ஆல பெருக்குங்க, 20.4 வந்துடும்.

குகைக்காரருக்காக ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்: அப்ப ஜிபிஎஸ்தானே சரி? சாட்டிலைட் பொய் சொல்லுமா?

ஐயா, சாட்டிலைட் பொய் சொல்லாது, ஆனா மலை சொல்ல வைக்கும். ஜிபிஎஸ் புள்ளி வச்சு நேர்கோட்டால சேக்குது. கொண்டை ஊசி வளைவுல ரெண்டு புள்ளி தள்ளி விழுந்தா வளைவையே வெட்டிடும், தூரம் குறையும். பாறைச் சரிவோரம், மரத்தடியில அலை எதிரொலிச்சு வந்தா கோடு அங்கயும் இங்கயும் துள்ளும், தூரம் கூடும். 20 வளைவு இருக்கிற ரோட்டுல ரெண்டும் நடக்கும்.

ஆத்தூர்: எதுக்குப்பா இதெல்லாம்? ரோட்டோரம் கிலோமீட்டர் கல்லு இருக்கே!

இருக்குண்ணே, அஞ்சு கல்லு எண்ணி ஒப்பிட்டுப் பாக்கறதும் நல்ல வழிதான். ஆனா வீட்டுலயே அளக்கலாம். கோலமாவைத் தண்ணியில குழைச்சு டயர்ல ஒரு பொட்டு வைங்க. வழக்கமான காத்தடிச்சு, சீட்டுல உக்காந்து நேரா மூணு சுத்து உருட்டுங்க. ஆள் உக்காந்தா டயர் அமுங்கும், அதனால வெறும் வண்டிய உருட்டினா கணக்கு தப்பும். முதல் பொட்டுக்கும் நாலாவது பொட்டுக்கும் டேப் பிடிச்சு மூணால வகுங்க.

ஆசிரியர்: அந்தக் காலத்துல கியரே இல்லாத வண்டியில ஏறினோம். யாரும் சுத்து எண்ணல.

கும்பிடறேன் ஐயா. ஆனா மூச்சு வாங்கி மணிக்கு 6 கிலோமீட்டர்ல ஏறும்போது "நின்னுட்டீங்க"ன்னு ஜிபிஎஸ் பதிவை நிறுத்திடுச்சுன்னா எங்களுக்கு வயிறு எரியுது. சக்கரம் சுத்துதுன்னு சொல்ல ஒரு சாட்சி வேணுமே!

ஏற்காடு: சிக்னல் இல்லாத இடத்துல சென்சார் கட் ஆகுமா?

ஆகாது. அதுக்கு நெட்டும் வேணாம், டவரும் வேணாம். மேப்பை மட்டும் வீட்டு வைஃபைல இறக்கிட்டு வாங்க.

ஐந்து ரோடு: போனை முதுகுப் பையில வச்சா கேடன்ஸ் விட்டு விட்டு வருது.

உடம்புல பாதிக்கு மேல தண்ணிதானே, 2.4 கிகாஹெர்ட்ஸை அப்படியே குடிச்சிடும். ஹேண்டில்பாருக்கு மாத்துங்க. ஆனா இறக்கத்துல திரையைப் பாக்காதீங்க, எதிர்ல பஸ் வரும்.

மேட்டூர்: ப்ளூடூத் லிஸ்ட்ல...

முதல் பதில்! செட்டிங்ஸ்ல கை வைக்காதீங்க!

இரும்பாலை: சிஆர்2032 பேட்டரி மாத்தினேன். கேடன்ஸ் போய் வேகம்னு வருது.

அதுல கோளாறு இல்ல. ஒரே சென்சார் ரெண்டு வேலை பாக்குற வகைகள்ல பேட்டரியக் கழட்டி மாட்டினா வேலை மாறும். இன்னொரு தடவை கழட்டி மாட்டுங்க, போடும்போது எரியுற விளக்கு நிறத்தைக் கவனிங்க.

ஆத்தூர்: கல்லுதான் சரி. பந்தயம்?

வர்ற ஞாயிறு காலை 6 மணி, அடிவாரம். கல்லை நீங்க எண்ணுங்க, ஐயா ஜிபிஎஸ் போட்டுட்டு வரட்டும். கோலமாவு நான் கொண்டுவரேன்.