மக்கள் சொன்னால் அரசு கேட்குமா? பொதுக்கருத்து பற்றிய கேள்வி பதில்

வணக்கம். கல்லூரியில் அரசியல் அறிவியல் சொல்லித் தருகிறேன். அதற்கு முன்னால் பல வருடம் கருத்துக்கணிப்புகளுக்காக வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டவள். மக்கள் கருத்தும் அரசின் முடிவுகளும் பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டு அனுபவம்தான்.

அக்கா, ஓட்டு வாங்கிய பிறகு ஐந்து வருடத்துக்கு நம்மை யாரும் கண்டுகொள்வதில்லை. மக்கள் கருத்துக்குப் பயந்து ஒரு அரசு கொள்கையை மாற்றியது உண்டா? (கல்லூரி மாணவர், மதுரை)

நிறைய உண்டு தம்பி. எனக்கு மிகவும் பிடித்த பாடம் 1979-80. பிற்படுத்தப்பட்டோர் இடஒதுக்கீட்டுக்கு ஆண்டு வருமானம் 9,000 ரூபாய் என்ற உச்சவரம்பை எம்.ஜி.ஆர். அரசு 1979இல் கொண்டுவந்தது. ஏழைகளுக்குப் பயன் போய்ச் சேர வேண்டும் என்பது அரசு சொன்ன காரணம். எதிர்ப்பு வலுவாக எழுந்தது, அரசு அசையவில்லை. 1980 ஜனவரியில் மக்களவைத் தேர்தல் வந்தது. அதில் அ.தி.மு.க.வுக்குத் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் கிடைத்தவை இரண்டே இரண்டு. தி.மு.க.வும் காங்கிரசும் கூட்டணி சேர்ந்ததும் அந்தத் தோல்விக்குப் பெரிய காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் எம்.ஜி.ஆர். அதை எப்படிப் படித்தார் என்று பாருங்கள். உச்சவரம்பை ரத்து செய்தார். அதோடு நிற்காமல், பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டை 31 சதவீதத்திலிருந்து 50 சதவீதமாக உயர்த்தினார். சில மாதங்களில் நடந்த சட்டமன்றத் தேர்தலில் அவரே மறுபடி வென்றார்.

2004இலும் கிட்டத்தட்ட இதே கதை. மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் ஒரு தொகுதிகூட அ.தி.மு.க. கூட்டணிக்குக் கிடைக்கவில்லை. முடிவு வந்த சில நாட்களுக்குள் விவசாயிகளுக்கான இலவச மின்சாரம் திரும்பி வந்தது. மதமாற்றத் தடைச் சட்டம் போனது. 2003 வேலைநிறுத்தத்துக்காக அரசு ஊழியர்கள் மீது எடுத்த நடவடிக்கைகளும் கைவிடப்பட்டன. இந்த இரண்டு தடவையும் தேர்தல் நடந்தது டெல்லி ஆட்சிக்கு. மாற்றம் வந்தது சென்னையில்.

அப்படியானால் தேர்தல் வரை காத்திருக்கத்தான் வேண்டுமா? (தனியார் நிறுவன ஊழியர், ஓசூர்)

வேண்டியதில்லை. உங்கள் ஊருக்கு நெருக்கமான விஷயத்தையே சொல்கிறேன். 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைகள் சட்டத் திருத்தம் 2023 ஏப்ரல் 21 அன்று சட்டமன்றத்தில் நிறைவேறியது. 24ஆம் தேதி நிறுத்தி வைக்கப்பட்டது. மே 1 அன்று திரும்பப் பெறப்படுவதாக முதல்வரே அறிவித்தார். பத்தே நாள். தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, அது எதிர்பார்த்ததுதான். ஆனால் ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சிகளே எதிர்த்து வெளிநடப்பு செய்தன பாருங்கள், அங்கேதான் வேலை நடந்தது. மக்களின் அதிருப்தி அரசுக்கு உள்ளே இருக்கும் யார் வாய்வழியாவது வந்துவிட்டால் சீக்கிரம் காதில் விழுகிறது.

எங்கள் பக்கம் மக்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து போராடியும் கூடங்குளம் நிற்கவில்லையே. எங்கள் கருத்து மக்கள் கருத்து இல்லையா? (கடலோர வாசகி, திருநெல்வேலி மாவட்டம்)

இந்தக் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும். 2011 செப்டம்பரில், மக்களின் அச்சம் நீங்கும்வரை அணுமின் நிலையப் பணிகளை நிறுத்தி வையுங்கள் என்று மத்திய அரசைக் கேட்டு மாநில அமைச்சரவை தீர்மானம் போட்டது. 2012 மார்ச் 18 அன்று சங்கரன்கோவில் இடைத்தேர்தல் வாக்குப்பதிவு. மறுநாளே, 19ஆம் தேதி, பணிகளைத் தொடரலாம் என்று அதே அமைச்சரவை முடிவெடுத்தது. தேதிகளே பேசுகின்றன.

போராட்டம் நடந்த இடிந்தகரையில் இருந்த எதிர்ப்பு ஆழமானது. ஆனால் ஒரு சில தொகுதிகளுக்குள் அடங்கியது. அந்த நேரத்தில் மாநிலம் முழுக்க மணிக்கணக்கில் மின்வெட்டு. கோவையில் விசைத்தறி நின்றவருக்கும், இருட்டில் பரீட்சைக்குப் படித்த பிள்ளையின் பெற்றோருக்கும் "மின்சாரம் வந்தால் போதும்" என்பதுதான் அன்றைய கருத்து. அவர்களுடையது உங்கள் அளவுக்கு அழுத்தமான கருத்து இல்லை, ஆனால் எல்லாத் தொகுதியிலும் இருந்தது. அரசு இதைத்தான் எடை போட்டது. அது நியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆபத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாழ்கிறவர் சொல்லுக்கு மற்றவர் சொல்லைவிடக் கூடுதல் மதிப்பு இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். வாக்குச் சீட்டுக்கு அந்த வித்தியாசம் தெரிவதில்லை.

நீட் விவகாரத்தில் பெரிய கட்சிகள் எல்லாம் ஒரே பக்கம். பிறகு ஏன் நடக்கவில்லை? (பள்ளி ஆசிரியர், அரியலூர்)

முடிவெடுக்கும் சாவி வேறு கையில் இருப்பதால். நீட் தேர்விலிருந்து விலக்குக் கேட்கும் மாநிலச் சட்டம் குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்குப் போக வேண்டும். ஒப்புதல் தர வேண்டிய ஒன்றிய அரசு தமிழ்நாட்டு ஓட்டை நம்பி இல்லாதபோது, இங்கே எவ்வளவு ஒற்றுமை இருந்தாலும் அங்கே அழுத்தம் ஏறுவதில்லை.

ஏழு கோடிப் பேர் இருக்கிற மாநிலத்தில் ஆயிரம் பேரிடம் கேட்டு மக்கள் கருத்து இது என்கிறார்களே, ஏமாற்றுதானே? (கடை உரிமையாளர், ஈரோடு)

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம் இல்லையா, கணக்கு அதுதான். குலுக்கல் முறையில் சரியாகத் தேர்ந்தெடுத்த ஆயிரம் பேர் இருந்தால், பிழை கூட்டியோ குறைத்தோ சுமார் 3 சதவீதத்துக்குள் அடங்கும். ஆனால் பருக்கையை எந்தப் பானையிலிருந்து எடுத்தோம் என்பது முக்கியம். 1936இல் அமெரிக்காவின் லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை நடத்திய அதிபர் தேர்தல் கணிப்புக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பதில் அனுப்பினார்கள். அப்போதைய அதிபர் ரூஸ்வெல்ட் தோற்பார் என்று பத்திரிகை சொன்னது. 48 மாநிலங்களில் 46இல் அவர் வென்றார். பத்திரிகை விலாசம் எடுத்தது தொலைபேசிப் பட்டியலிலும் கார் வைத்திருந்தவர்கள் பட்டியலிலும். அந்தப் பொருளாதார மந்தக் காலத்தில் தொலைபேசியும் காரும் யாரிடம் இருந்திருக்கும்?

எனக்கு இதைவிடக் கவலை தருவது வீட்டு வாசலில் நடப்பது. ஒரு கிராமத்தில் திண்ணையில் உட்கார்ந்து ஒரு அம்மாவிடம் மதுக்கடை பற்றிக் கேட்டேன். பக்கத்தில் கணவர் கட்டிலில் சாய்ந்திருந்தார். "அதெல்லாம் எங்களுக்கு என்னம்மா தெரியும்" என்றார் அந்த அம்மா. படிவத்தில் 'கருத்து இல்லை' என்று குறித்துக்கொண்டேன். தண்ணீர் கொடுக்கிற சாக்கில் என்னை அடுப்பங்கரைக்குக் கூட்டிப்போனவர், செம்பைக் கையில் கொடுத்துவிட்டு, "அந்தக் கடையை மூடினால் என் பிள்ளைக்கு ஃபீஸ் கட்டிவிடுவேன்" என்றார், மிக மெதுவாக. குறித்ததை அடித்துவிட்டு மாற்றி எழுதினேன். அன்றிலிருந்து 'கருத்து இல்லை' என்ற கட்டத்தில் பெண்களின் எண்ணிக்கை கூடுதலாக இருந்தால் அந்தக் கணிப்பை நான் நம்புவதில்லை.

ட்விட்டரில் டிரெண்ட் ஆவது பொதுக்கருத்தா? (மென்பொருள் பணியாளர், சென்னை)

இல்லை. சத்தமாகப் பேசுகிறவர்களின் கருத்து. அதிலும் ஒருவரே பத்துக் கணக்கில் பேச முடிகிற இடம் அது.

மக்கள் கருத்தை வைத்துக் கொள்கை வருகிறதா, கொள்கையைப் பார்த்து மக்கள் கருத்து மாறுகிறதா? (ஆய்வு மாணவி, புதுச்சேரி)

இரண்டும் உண்டு. இரண்டாவதைப் பற்றி நாம் குறைவாகப் பேசுகிறோம் என்பது என் ஆதங்கம். 1982இல் சத்துணவு விரிவாக்கப்பட்டபோது, இது வீண் செலவு, ஓட்டுக்கான வேலை என்று படித்தவர்கள் பலர் எழுதினார்கள். இன்று அதை நிறுத்துவோம் என்று சொல்லி எந்தக் கட்சியும் ஓட்டுக் கேட்க முடியாது. ரேஷனும் அப்படித்தான். 1997இல் மத்திய அரசு வறுமைக்கோட்டை வைத்துப் பிரித்துக் கொடுக்கச் சொன்னபோதும் தமிழ்நாடு எல்லோருக்கும் என்ற முறையை விடவில்லை. பிற்பாடு வருமானம் கூடியவர்களைக் கழிக்க எடுத்த முயற்சியும், மேலே சொன்ன 2004 தோல்விக்குப் பின் திரும்பப் பெறப்பட்டது. வாத்தியாரும் கூலித் தொழிலாளியும் ஒரே வரிசையில் நின்றதால்தான் ரேஷன் கடைக்கு அவ்வளவு பேர் காவல். ஏழைக்கு மட்டும் என்று ஆக்கியிருந்தால், அதைக் குறைக்கும்போது கேட்க ஆள் இருந்திருக்காது.

அப்படியானால் பெரும்பான்மை சொல்வதை எல்லாம் அரசு செய்தே ஆக வேண்டுமா? (ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், கும்பகோணம்)

இல்லை ஐயா. கொலைக்குற்றத்துக்கான தூக்குத் தண்டனையை பிரிட்டன் 1965இல் நிறுத்தி, 1969இல் நிரந்தரமாக நீக்கியபோது பெரும்பான்மை மக்கள் அந்தத் தண்டனை வேண்டும் என்றுதான் சொன்னார்கள். அங்கே அதற்கான ஆதரவு பாதிக்குக் கீழே இறங்க ஐம்பது வருடம்போல ஆயிற்று. ஒருவரின் உயிரும் உரிமையும் எண்ணிக்கையால் முடிவாகக் கூடாது.

எங்கள் ஊரில் ஒரு ஆலைக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம் வைக்கப் போகிறார்கள். போனால் பலன் உண்டா? (விவசாயி, கடலூர் மாவட்டம்)

கட்டாயம் போங்கள். அது வாக்கெடுப்பு இல்லை, எல்லோரும் எதிர்த்தால் ஆலை வராது என்று அர்த்தமும் இல்லை. ஆனால் 2006 சுற்றுச்சூழல் அறிவிக்கையின்படி நீங்கள் கேட்ட ஒவ்வொரு கேள்வியும் பதிவாக வேண்டும், நிறுவனம் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். பிறகு வழக்கு என்று வந்தால் அந்தப் பதிவுதான் கையில் இருக்கும் ஆதாரம். கூட்டத்துக்கு குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும், திட்டச் சுருக்கம் தமிழில் கிடைக்க வேண்டும். வேண்டாம் என்று மட்டும் சொல்லாமல், எத்தனை கிணறு, எந்த வாய்க்கால், எவ்வளவு தண்ணீர் என்று சொல்லுங்கள். எழுத்திலும் கொடுத்து, கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள்.

அப்புறம், பேசி முடித்ததும் கிளம்பிவிடாதீர்கள். கூட்ட முடிவில் நடவடிக்கைக் குறிப்பை எல்லோர் முன்னாலும் தமிழில் வாசித்து விளக்கிய பிறகே மாவட்ட நிர்வாகத்தின் அதிகாரி கையெழுத்திட வேண்டும். அதற்குள் பாதிப்பேர் பஸ்ஸுக்குப் போய்விடுவார்கள். நீங்கள் பத்துப் பேராவது இருந்து, சொன்னது சொன்னபடி எழுதியிருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாருங்கள்.