டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘8 வருடம்’: கர்ப்பப்பைக் கட்டி கிளெய்மை மீட்பது எப்படி?

கேள்வி: கோபிச்செட்டிபாளையத்துல இருந்து எழுதறனுங்க. என்ற சம்சாரத்துக்கு 44 வயசு. அதிக ரத்தப்போக்கு, ஹீமோகுளோபின் 7.4. கோயமுத்தூர்ல ஒரு தனியார் ஆஸ்பத்திரியில 2025 ஜூன்ல கர்ப்பப்பையை எடுத்தாங்க. பில் 1,64,000 ரூபாய். பாலிசி 2022 ஆகஸ்ட்ல போட்டது, ஒரு வருசங்கூட விடாம கட்டியிருக்கறோம். “8 வருடமாக இருந்த நோயை மறைத்துவிட்டீர்கள், நோய்க் கோடும் (குறியீட்டு எண்) ஸ்கேனோடு பொருந்தவில்லை”ன்னு கம்பெனி தள்ளிட்டாங்க. பாலிசிக்கு முந்தி இதுக்காக எந்த டாக்டரையும் பார்த்ததில்லீங்க. ஆஸ்பத்திரியில கோடை மாத்தித் தர்றோம்ங்கறாங்க. அது போதுமுங்களா? கேஸ் ஷீட், சம்மரி நகல் அனுப்பியிருக்கறேன்.

பதில்: போதாதுங்க. கோடு சின்ன விஷயம். உங்கள் கிளெய்மைச் சாய்த்தது சம்மரியின் முதல் பத்தியில் இருக்கும் அந்த ‘8 வருடம்’.

பெரும்பாலான பாலிசிகளில் கர்ப்பப்பைக் கட்டிக்கும் கர்ப்பப்பை நீக்கத்துக்கும் 24 மாதக் காத்திருப்பு உண்டு (பாலிசி போட்டதிலிருந்து அத்தனை மாதம் அதற்குப் பணம் கிடைக்காது). உங்களுக்கு 34 மாதம் ஆகிவிட்டது, அந்த வழியில் மறுக்க முடியாது. ஆனால் அதே ஷரத்தில் இன்னொரு வரி இருக்கும்: அந்த நோய் பாலிசிக்கு முன்பே இருந்ததாகவும் ஆனால், இரண்டு காத்திருப்பில் எது நீளமோ அதுவே செல்லும். முன்பே இருந்த நோய்க்கு உங்கள் பாலிசியில் 36 மாதம். இரண்டு மாதம் குறைகிறது. அதனால்தான் கம்பெனி ‘8 வருட’த்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

இப்போது கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தைப் பாருங்கள். டூட்டி டாக்டர் கையால் எழுதியிருப்பது ‘8/12’. டாக்டர்கள் வழக்கத்தில் அதற்கு 8 மாதம் என்று பொருள் (கீழே 52 போட்டால் வாரம், 7 போட்டால் நாள்). சம்மரி தட்டச்சு செய்தவர் அதை 8 வருடமாக்கிவிட்டார். ஒரு சாய்கோட்டில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் போயிருக்கிறது. கேஷ்லெஸ் (கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேரடியாகப் பணம் கட்டும் முறை) கேட்டு விண்ணப்பித்திருந்தால் அந்தப் படிவத்தின் நகலையும் வாங்குங்கள். ‘இப்போதைய நோயின் காலம்’ என்ற கட்டத்தை நாள் கணக்கில் நிரப்பியிருப்பார்கள், பக்கத்திலேயே முதல் ஆலோசனைத் தேதியும் இருக்கும். அதில் 240 நாள் என்று இருந்தால், சாட்சி கம்பெனியின் கோப்பிலேயே இருக்கிறது.

எட்டு வருடம் என்றே வைத்துக்கொண்டாலும் கம்பெனியின் வாதம் முழுதாக நிற்காது. முன்பே இருந்த நோய் என்றால், பாலிசி தொடங்குவதற்கு முந்தைய 36 மாதத்துக்குள் (உங்களுடையது போன்ற 2022 பாலிசிகளில் 48 மாதம்) டாக்டர் கண்டறிந்ததாகவோ, அதற்கு ஆலோசனையோ சிகிச்சையோ தந்ததாகவோ இருக்க வேண்டும். வீட்டிலேயே பொறுத்துக்கொண்ட ரத்தப்போக்கு அதில் சேராது. “இத்தனை பெரிய கட்டி இரண்டு வருடத்தில் வளராது” என்று கம்பெனி டாக்டர் எழுதினாலும் பதில் இதுதான்: கட்டியின் அளவு அந்த வரையறையிலேயே இல்லை. மறைத்தீர்கள் என்பதை நிரூபிக்கும் பொறுப்பும் கம்பெனிக்கே. அதற்கு பாலிசி எடுக்கும்போது நீங்கள் கையெழுத்துப் போட்ட முன்மொழிவுப் படிவத்தின் நகலைக் கேளுங்கள், மாதவிடாய்த் தொந்தரவு பற்றிக் கேள்வி இருந்ததா, ஏஜென்ட் என்ன டிக் அடித்தார் என்று பாருங்கள்.

ஒன்றை மட்டும் வீட்டில் மறுபடி கேட்டுக்கொள்ளுங்கள். 2018 ஆகஸ்டுக்குப் பின் உள்ளூர் கிளினிக்கில் இதற்காக இரும்புச்சத்து மாத்திரையோ ரத்தம் நிற்க மாத்திரையோ வாங்கியதுண்டா? கம்பெனியின் விசாரணை ஆள் கோபி வரைக்கும் வருவார். அப்படி ஒரு சீட்டு இருந்தால் வழக்கே வேறு.

கோடு விஷயம். ஐ.சி.டி-10 என்ற சர்வதேச நோய்க் குறியீட்டுப் பட்டியலில் கர்ப்பப்பைக் கட்டிக்கு டி25. உள்சவ்வுக்கு அடியில் என்றால் டி25.0, தசைச் சுவருக்குள் டி25.1, வெளியுறைக்கு அடியில் டி25.2, இடம் சொல்லாவிட்டால் டி25.9. உங்கள் கிளெய்ம் படிவம் ‘பி’ பகுதியில் (ஆஸ்பத்திரி நிரப்புவது) டி25.9 என்று இருக்கிறது, ஸ்கேன் தசைச் சுவர் என்கிறது. இது தவறல்ல, மொட்டையானது. இதற்காக மட்டும் கிளெய்மை மறுக்க முடியாது. எனக்குக் கவலை தருவது ரத்தசோகை. அதை ‘உடன் இருக்கும் நோய்’ கட்டத்தில் போட்டதால் அது தனியாக ஒரு பழைய நோய் போலத் தெரிகிறது. ரத்தப்போக்கால் வந்த இரும்புச்சத்துக் குறைவு ரத்தசோகைக்கு டி50.0. அது ‘கூடுதல் நோயறிதல்’ கட்டத்துக்குப் போகட்டும், கட்டியால் வந்தது என்று டாக்டர் எழுதட்டும். பயாப்சியில் அடினோமயோசிஸ் (கர்ப்பப்பையின் உள்சவ்வு தசைச் சுவருக்குள் வளர்வது) என்றும் இருப்பதால் என்80.0 சேர வேண்டும்.

திருத்தம் வாங்கும் விதத்தில்தான் பலர் கெடுத்துக்கொள்கிறார்கள். பழைய தேதியில் புதுச் சம்மரி, வெள்ளை மை, அடித்து எழுதுவது எதுவும் வேண்டாம். கம்பெனியிடம் பழையது இருக்கிறது, இரண்டையும் பக்கத்தில் வைத்தால் மோசடி என்பார்கள். மருத்துவக் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் கேளுங்கள். ‘திருத்தப்பட்டது’ என்ற தலைப்பு, இன்றைய தேதி, எந்த வரி ஏன் மாறியது என்ற காரணம், சிகிச்சை தந்த டாக்டரின் கையெழுத்து, பதிவு எண், முத்திரை எல்லாம் வேண்டும். கூடவே கேஸ் ஷீட், ஆபரேஷன் குறிப்பு, பயாப்சி ஆகியவற்றின் சான்றிட்ட நகலும், முதல் ஸ்கேன் ரிப்போர்ட்டும் கேளுங்கள். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 நடத்தை விதிப்படி, உள்நோயாளி ஆவணங்களைக் கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும்.

இவற்றோடு கம்பெனியின் குறைதீர் அலுவலருக்கு மின்னஞ்சலும் பதிவுத் தபாலும் அனுப்புங்கள். நிராகரிப்பைக் கிளெய்ம் மறுஆய்வுக் குழு பார்த்ததா என்றும் கேளுங்கள், 2024 மே முதல் அந்தக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் நிராகரிக்கக் கூடாது. ஒரு மாதம் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் சென்னையில் உள்ள காப்பீட்டு ஓம்புட்ஸ்மேனிடம் (காப்பீட்டுப் புகார்களைத் தீர்ப்பவர்) ஒரு வருடத்துக்குள் போகலாம். 50 லட்சம் வரை கேட்கலாம், கட்டணம் இல்லை, வக்கீலும் கூடாது (என் தொழிலுக்கு நட்டம், ஆனாலும் முதலில் அங்கேதான் போகச் சொல்வேன்). தீர்ப்பு பிடிக்காவிட்டால் ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டம் என்பதால் அங்கேயே போடலாம், கட்டிய பிரீமியம் 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணமும் இல்லை. வரிசையை மாற்றாதீர்கள், ஆணையத்தில் வழக்கு இருந்தால் ஓம்புட்ஸ்மேன் எடுக்க மாட்டார். ஆணையத்துக்கான கெடு 2 வருடம். நிராகரிப்புக் கடிதத்தின் கவரையும் மின்னஞ்சலையும் தேதி தெரியும்படி பத்திரமாக வையுங்கள்.