தாவரப் பாலும் உணவு ஒவ்வாமையும் வெறும் நாகரிகமா?

பாதாம் பால், ஓட்ஸ் பால் குடிப்பதும் ‘எனக்குப் பால் ஒவ்வாது’ என்பதும் வசதி படைத்தவர்களின் புது நாகரிகம்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். பால் ஒவ்வாமை உள்ள ஒரு பெண்ணின் தகப்பன் நான். கொஞ்சம் சூடாகவே எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தாவரப் பால் புதிதல்ல. இடைக்கால ஐரோப்பாவில் தேவாலய நோன்பு நாட்களில் பால் விலக்கப்பட்டதால், செல்வர் வீட்டுச் சமையலறைகளில் பாதாம் பால்தான் ஓடியது. சீனர்களுக்குச் சோயா பால் காலை உணவு. ஸ்பெயினின் வலென்சியாவில் கோரை இனத்துக் கிழங்கை அரைத்துப் பிழிந்த ஓர்ச்சாட்டா இன்றும் கோடைக்காலப் பானம். ஓட்ஸ் பால் மட்டுமே புதுவரவு. 1990களில் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழக ஆய்வில் பிறந்தது.

சண்டை பெயரில்தான். சோயா பானத்தைப் ‘பால்’ என்று விற்கக்கூடாது என 2017இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேங்காய்ப் பால் போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. தென்னை என்ன புண்ணியம் செய்ததோ! செடியில் கசிவதையும் பால் என்று சொல்லி, கதிர் பால் பிடிக்கிறது என்றும் பேசுகிற நமக்கு இது வேடிக்கையாகத்தான் இருக்கும்.

அடுத்து, ‘ஒவ்வாது’ என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு சங்கதிகள் ஒளிந்திருக்கின்றன. பாலிலுள்ள லாக்டோஸ் சர்க்கரையைச் செரிக்கும் நொதி, குழந்தைப் பருவம் கடந்ததும் பெரும்பாலோருக்குக் குறைந்துவிடும். உலகில் வளர்ந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் இப்படித்தான். கிழக்கு ஆசியாவில் இது மிகுதி, வட ஐரோப்பாவில் குறைவு. வயிறு உப்பும், கலங்கும், உயிருக்கு ஆபத்தில்லை. என் மகளுக்கு இருப்பது அதுவல்ல. கேசீன் போன்ற பால் புரதங்களை அவளுடைய நோய் எதிர்ப்பு மண்டலம் எதிரியாக நினைத்துவிடுகிறது. இதில் ‘ஒரு ஸ்பூன்தானே, ஒன்றும் ஆகாது’ என்ற பேச்சுக்கே இடமில்லை. சொல்பவர்கள் அன்பாகத்தான் சொல்கிறார்கள், அதுதான் தொல்லை.

‘எங்கள் பக்கம் யாருக்கும் இப்படி இல்லை’ என்பார்கள். எது அச்சம் தரும் உணவு என்பதே ஊருக்கு ஊர் மாறுகிறது. ஜப்பானில் சோபா நூடுல்ஸ் செய்யும் பக்வீட் தானியத்தைப் பொட்டலத்தில் கட்டாயம் குறிப்பிட வேண்டும். ஒவ்வாமைக்காகக் கட்டாயம் குறிப்பிட வேண்டிய உணவுகள் என ஐரோப்பிய ஒன்றியம் வைத்திருக்கும் 14 உணவுப் பட்டியலில் கடுகும் செலரிக் கீரையும் உண்டு. அமெரிக்காவின் அத்தகைய பட்டியலில் எள் 2023இல்தான் சேர்ந்தது. வேர்க்கடலைக் கதை இன்னும் சுவையானது. பிரிட்டனில் வளரும் யூதக் குழந்தைகளைவிட இஸ்ரேலியக் குழந்தைகளிடம் அந்த ஒவ்வாமை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். அங்கே கைக்குழந்தைகளே வேர்க்கடலைத் தின்பண்டம் சாப்பிடுகிறார்கள். சீக்கிரம் கொடுத்துப் பழக்கினால் ஒவ்வாமை வெகுவாகக் குறைகிறது என்று 2015இல் வெளியான ஆய்வும் காட்டியது. அதுவரை மருத்துவர்கள் பலர் தள்ளிப்போடச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்! (ஏற்கெனவே ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு வீட்டில் இதைச் சோதித்துப் பார்க்காதீர்கள்.)

தாவரப் பால் என்றாலே பத்திரம் என்றும் நினைக்க வேண்டாம். பாதாம், முந்திரி, சோயா ஆகியவையே பலருக்கு ஒவ்வாதவை. நானும் ஒருமுறை ஏமாந்தேன். ‘பாலற்றது’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்த காப்பிக்கான வெண்பொடியை நம்பிக் கலந்து கொடுத்தேன். சிறிது நேரத்தில் மகளின் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்துவிட்டது. மருத்துவமனையிலிருந்து திரும்பிய பிறகுதான் பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படித்தேன். பொடி எழுத்தில் சோடியம் கேசினேட் என்று இருந்தது. அதே கேசீன் பால் புரதம்தான், வேறு பெயரில்.