பத்திரமாக வைத்த பாகங்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பழைய கைக்கடிகாரங்களைப் பிரித்துச் சுத்தம் செய்து ஓடவைப்பதைச் சில ஆண்டுகளாகப் பொழுதுபோக்காகச் செய்துவருகிறேன். முறையாகத் தொழில் கற்றவன் அல்லன். என் தந்தை பணி ஓய்வு பெறும்வரை கட்டியிருந்த எச்.எம்.டி. ஜனதா கடிகாரத்தைச் சென்ற மார்கழியில் முழுவதுமாகப் பிரித்தேன். பொங்கலுக்காக வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆட்கள் வந்துவிட்டதால் வேலையைப் பாதியில் நிறுத்த நேர்ந்தது. சக்கரங்கள், டயல், முட்கள், திருகாணிகள் எல்லாவற்றையும் தட்டிலேயே விட்டு, மேலே ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து மூடினேன். ஹேர் ஸ்பிரிங் என்ற மெல்லிய சுருளோடு கூடி, இருபுறமும் ஊசலாடிக் கடிகாரத்தின் வேகத்தை நிர்ணயிக்கும் பேலன்ஸ் வீல், அதன் அச்சு முனைக்கு மேல் உட்காரும் மூடிக் கல், அந்தக் கல்லைப் பிடித்திருக்கும் பாராஷாக் ஸ்பிரிங் ஆகிய மூன்றும் மிக நுட்பமானவை என்பதால் அவற்றை மட்டும் தனியாக எடுத்து, எவர் கையும் படாத ஓர் இடத்தில் பத்திரமாக வைத்தேன். வைத்தது நினைவிருக்கிறது, இடம் நினைவில் இல்லை. மாதங்கள் கடந்துவிட்டன. கிண்ணத்தால் மூடிவிட்டுப் போன தட்டு அப்படியே இருக்கிறது; பத்திரப்படுத்தியவைதான் கிடைக்கவில்லை.

எனக்கு வயது 52. இது மறதி நோயின் தொடக்கமாக இருக்குமோ என்று வீட்டில் கவலைப்படுகிறார்கள். இவற்றைத் தேடுவதற்கு ஏதேனும் முறை உண்டா? அல்லது இன்னொரு ஜனதாவை வாங்கி அதிலிருந்து பாகங்களை எடுத்துக்கொள்வதா? கடிகாரங்களைப் பற்றி நீங்கள் எழுதிவருவதால் உங்களிடம் கேட்கத் தோன்றியது.

அன்புடன்,
ஒரு வாசகர், தஞ்சாவூர்

*

அன்புள்ள நண்பருக்கு,

மூடிவிட்டுப் போன தட்டு அப்படியே இருக்க, பத்திரப்படுத்தியவை மட்டும் காணாமல் போயின என்று நீங்கள் எழுதியிருக்கும் வாக்கியத்தில் உங்கள் முதல் கேள்விக்கான பதில் இருக்கிறது. நினைவு பொதுவாகவே தளர்ந்திருந்தால் தட்டையும் மறந்திருப்பீர்கள். நீங்கள் மறந்திருப்பது, அந்தப் பொருளுக்கு முன்பு எந்தத் தொடர்பும் இல்லாத, அந்த ஒரு நாளுக்காக மட்டும் தேர்ந்தெடுத்த ஓர் இடத்தை. எந்த வயதிலும், எந்த மனிதருக்கும், மிக எளிதாக மறக்கக்கூடியது அதுதான்.

யூஜின் வினோகிராட், ராபர்ட் சொலோவே என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் இதைப் பற்றியே ஓர் ஆய்வு செய்து 1986இல் வெளியிட்டார்கள். ஒரு பொருளை அது இருக்கக்கூடும் என்று யாரும் எதிர்பார்க்கிற இடத்தில் வைத்தால் அந்த இடம் நினைவில் நிற்கிறது. எதிர்பாராத இடத்தில் வைத்தால் நினைவில் நிற்பது குறைகிறது என்பது அவர்கள் கண்டது. வைக்கிற நேரத்தில் நமக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. இப்படிப்பட்ட விசித்திரமான இடத்தை எப்படி மறக்க முடியும் என்ற உறுதியோடு வைக்கிறோம். ஆனால் தேடும் நாளில் நம் மனத்தில் இருப்பது பொருள் மட்டுமே. பேலன்ஸ் வீல் என்று நினைத்ததும் மனம் மேசைக்குப் போகிறது, தட்டுக்குப் போகிறது, லூப் என்ற உருப்பெருக்கிக் கண்ணாடியும் ட்வீசர் என்ற சிறு இடுக்கியும் இருக்கிற இழுப்பறைக்குப் போகிறது. அங்கிருந்து தையல் டப்பாவுக்கோ, பூஜை அலமாரியின் மேல்தட்டுக்கோ, இரும்புப் பெட்டியில் பட்டுப் புடவைகளுக்கு அடியிலோ போவதற்கு மனத்துக்கு வழி கிடையாது. பிறர் கண்ணுக்குப் புலப்படாத இடம் என்று நாம் தேர்ந்தெடுக்கும்போது, பொருளிலிருந்து இடத்துக்குப் போகிற எல்லா வழிகளையும் அடைத்துவிடுகிறோம். தேடும் நாளில் நாமும் அந்தப் பிறரில் ஒருவராகத்தான் வந்து நிற்கிறோம்.

எனவே வீட்டாரிடம் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். பழகிய வழி குழம்புவது, அன்றாடம் செய்யும் வேலையின் வரிசை தவறுவது, சற்று முன் பேசியதையே திரும்பக் கேட்பது போன்றவை சேர்ந்து வந்தால் மருத்துவரைப் பார்க்கத்தான் வேண்டும். இந்த ஒன்றுக்காக அஞ்ச வேண்டியதில்லை.

நீங்கள் அன்று அஞ்சியதும் தவறில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பெங்களூரில் 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு தொடங்கிய எச்.எம்.டி. கடிகாரத் தயாரிப்பு முடிவுக்கு வந்துவிட்டது. அந்தப் பிரிவை மூடுவதற்கு மத்திய அரசு 2016இல் ஒப்புதல் அளித்தது. இன்று ஜனதாவுக்குப் புதிய பாகம் என்று கிடைப்பது பெரும்பாலும் எங்கோ தேங்கிய பழைய இருப்பு, இல்லையென்றால் ஓடாத இன்னொரு கடிகாரத்திலிருந்து கழற்றியது. நீங்கள் தனியே எடுத்த மூன்றும் இழக்கக் கூடாதவைதான். பேலன்ஸ் வீலின் அச்சு முனை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவே தடிமன் உள்ளது. கடிகாரம் கீழே விழும்போது அந்த முனை ஒடியாமல் காப்பதற்காகச் சிட்டிசன் நிறுவனம் 1956இல் கொண்டுவந்த ஏற்பாடுதான் பாராஷாக். அதன் ஸ்பிரிங் ட்வீசரின் பிடியிலிருந்து தெறித்தால் அறையைப் பெருக்கித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். மூடிக் கல்லோ தரையில் விழுந்தால் கண்ணுக்கே தெரியாது. இவற்றை அறிந்தவர் அஞ்சத்தான் செய்வார்.

அந்த அச்சத்துக்கு ஏற்ற காப்பைப் பாகத்தை இட்ட டப்பாவிடம் கேட்காமல், வைக்கிற இடத்திடம் கேட்டுவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். தெறிப்பது, தூசி படிவது, துருப்பிடிப்பது, கலந்துபோவது ஆகிய அனைத்துக்கும் இறுக மூடும் ஒரு சிறிய டப்பா போதும். அப்படி மூடிய டப்பா எல்லாவற்றிலும் சாதாரணமான இடத்தில், அதாவது அந்தக் கடிகாரத்தின் மற்றப் பாகங்கள் இருக்கும் தட்டின் அருகிலேயே இருந்திருந்தால், வெள்ளையடிக்க வந்தவர்கள் மேசையை வெளித்திண்ணைக்கே தூக்கிப் போயிருந்தாலும், தட்டு எங்கே போயிற்றோ அங்கேயே அதுவும் போயிருக்கும். கடைவீதிகளில் கண்ணாடிப் பெட்டி ஒன்றை முன்னால் வைத்துக்கொண்டு வேலை பார்க்கும் கடிகாரம் பழுதுபார்ப்பவர்களைக் கவனித்துப் பாருங்கள். ஒரே நாளில் பல கடிகாரங்களைப் பிரிக்கிறார்கள். மின்விசிறிக் காற்றும் தெருப் புழுதியும் அவர்களுக்கு உண்டு. ஆனாலும் ஒரு வாடிக்கையாளரின் கடிகாரத்தைச் சேர்ந்த எல்லாம், உடைந்த கண்ணாடித் துண்டு உட்பட, ஒரே உறைக்குள்ளோ ஒரே மூடியின் கீழோதான் இருக்கும். இது மிக நுட்பமானது என்று எதையும் பிரித்து இரண்டாவது இடத்துக்கு அனுப்பும் வழக்கம் அவர்களிடம் இல்லை. அந்தத் தொழிலில் நான் மிகவும் மதிக்கும் ஒழுங்கு இது. வீட்டில் ஓய்வு நேரத்தில் செய்பவர்களாகிய நாம் கருவிகளை வாங்குவதில் காட்டும் ஆர்வத்தை இதைக் கற்பதில் காட்டுவதில்லை.

இனி தேடுவதைப் பற்றி. எங்கே வைத்தேன் என்று கேட்டுக்கொள்வதை நிறுத்துங்கள். அந்தக் கேள்வி உங்களை மேசைக்கே திருப்பி அனுப்பும். அன்று எதற்கு அஞ்சினேன் என்று கேளுங்கள். சுண்ணாம்புத் தூளுக்கு அஞ்சியிருந்தால் ஏற்கெனவே மூடியிருந்த ஒன்றுக்குள் வைத்திருப்பீர்கள்: மூக்குக்கண்ணாடிக் கூடு, கேமராப் பை, பூட்டிய பெட்டி. சாமான்களை நகர்த்தும் ஆட்களின் கைக்கு அஞ்சியிருந்தால் அன்று நகர்த்தப்படாத எதிலாவது வைத்திருப்பீர்கள். அப்படியானால் எந்த அறைக்கு முதலில் வெள்ளையடித்தார்கள், அந்த நேரத்தில் எந்த அறை தொடப்படாமல் இருந்தது என்பதை வீட்டாரைக் கேட்டு வரிசைப்படுத்திக்கொள்ளுங்கள். வீட்டுக் குழந்தைகளுக்கு அஞ்சியிருந்தால் உங்கள் தோளுக்கு மேலான உயரங்களைப் பார்க்க வேண்டும். எவர் கையும் படாத இடம் என்று நீங்கள் எழுதியிருப்பதால், மனிதர்களுக்கு அஞ்சித்தான் இடம் தேடியிருக்கிறீர்கள், தூசி உங்களுக்கு இரண்டாவது கவலையாகவே இருந்திருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

வெள்ளையடிப்பு இன்னொரு தீங்கையும் செய்கிறது. நீங்கள் வைத்தபோது இருந்த வீடு இப்போது இல்லை. அலமாரி சுவர் மாறியிருக்கும், காலண்டர் கழற்றப்பட்டிருக்கும், பரண் காலியாகித் திரும்ப நிறைந்திருக்கும். நினைவைத் தூண்ட வேண்டிய அடையாளங்கள் கலைந்துவிட்டதால், இன்றைய அறையின் நடுவே நின்று யோசிப்பதில் பயன் குறைவு. மார்கழியில் அந்த அறையில் எடுத்த நிழற்படம் ஏதேனும் கைபேசியில் இருக்கிறதா என்று பாருங்கள். யாரோ பிறந்தநாளுக்கு எடுத்த படமாக இருந்தாலும் போதும். பின்னணியில் தெரியும் அலமாரியைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

தேடும்போது பளபளக்கும் சக்கரத்தைத் தேடாதீர்கள். அதை வெறுமையாக எங்கும் வைத்திருக்க மாட்டீர்கள். மடித்த டிஷ்யூ தாள், தீப்பெட்டி, மாத்திரை டப்பா, பழைய பிலிம் டப்பா, சிறிய பிளாஸ்டிக் உறை ஆகியவற்றில் ஒன்றைத்தான் நீங்கள் தேடுகிறீர்கள். அதைக் கையில் எடுத்து வெறும் தாள் என்று ஒருமுறை தள்ளியும் வைத்திருக்கக்கூடும். வீட்டில் உள்ள ஒவ்வொருவரிடமும், கடிகாரப் பாகத்தைப் பார்த்தாயா என்று கேட்பதைவிட, பொங்கலுக்குப் பிறகு இப்படிப்பட்ட சிறு டப்பாவையோ பொட்டலத்தையோ எங்காவது எடுத்து வைத்தாயா என்று கேளுங்கள். உங்கள் ஊருக்கு அடுத்த புதுக்கோட்டையில் திருக்கோகர்ணம் பிரகதாம்பாளை அரைக்காசு அம்மன் என்று அழைத்து, காணாமல் போன பொருளுக்காக வெல்லம் வைத்து வேண்டிக்கொள்ளும் வழக்கம் தமிழ்நாடெங்கும் பல வீடுகளில் உண்டு. பொருள் தொலைந்த செய்தி அந்த வேண்டுதலால் வீடு முழுவதும் பரவி, எல்லோர் கண்ணும் தேடத் தொடங்குகிறது என்பதை நான் பெரிய நன்மையாகவே கருதுகிறேன். தொலைத்ததை மறைத்து வைத்துத் தனியாகத் தேடுபவருக்கு அந்தத் துணை கிடைப்பதில்லை.

கிடைக்கும் இடங்களில் இரண்டைப் பற்றி மட்டும் எச்சரிக்கிறேன். பஞ்சில் பொதிந்து வைத்திருந்தால் உடனே எடுத்துவிடுங்கள். அதன் இழை அச்சு முனையில் சுற்றிக்கொள்ளும், ஈரத்தையும் அது பிடித்து வைக்கும். காந்த மூடியுள்ள பெட்டியிலோ ஒலிபெருக்கியின் அருகிலோ இருந்திருந்தால் ஹேர் ஸ்பிரிங் காந்தமேறியிருக்கலாம். சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கடிகாரம் மிக வேகமாக ஓடினால் அதுவே காரணமாக இருக்கக்கூடும். காந்தம் நீக்கும் சிறு கருவி கடிகாரம் பழுதுபார்க்கும் கடைகள் பலவற்றில் இருக்கும்.

எதிர்காலத்தில் ஒரு பாகத்தைப் பிரித்து வேறிடத்தில் வைத்தே தீர வேண்டும் என்றால், அது இருந்த தட்டிலேயே, அந்தக் குழியிலேயே, எங்கே போயிற்று என்று எழுதிய துண்டுச் சீட்டை வைத்துவிட்டுப் போங்கள். மனம் முதலில் வந்து பார்க்கும் இடம் அதுதான். சீட்டு அங்கே காத்திருக்கட்டும்.

இன்னொரு ஜனதாவை வாங்குவதில் தவறில்லை. தேடலைக் கைவிட்டதாகவும் அதற்குப் பொருள் இல்லை. ஆனால் தந்தையின் பேலன்ஸ் வீலுக்காக மனம் ஏங்கும் என்றால், இந்த ஆண்டு தீபாவளிக்கு வீட்டை ஒழுங்குபடுத்தும் வரையிலாவது பொறுத்திருங்கள். வாங்கும்போது டயலின் அழகைப் பார்க்க வேண்டாம். விற்பனைக்கு வரும் ஜனதாக்களில் பலவற்றின் டயல் புதிதாக அச்சிட்டதுதான், உங்களுக்கு அது தேவையும் இல்லை. பின்மூடியைத் திறந்து காட்டச் சொல்லி, மெஷினில் பொறித்திருக்கும் வகை எண்ணும் உங்களுடையதும் ஒன்றா என்று பாருங்கள். சாவி கொடுத்து இலேசாக அசைத்தால் பேலன்ஸ் வீல் தடையின்றி இருபுறமும் ஊசலாட வேண்டும். வீலையும் ஹேர் ஸ்பிரிங்கையும் தொழிற்சாலையில் ஒன்றுக்கொன்று பொருத்தி அளந்திருப்பார்கள் என்பதால் இரண்டையும் பிரிக்காமல், அவற்றை மேலிருந்து தாங்கும் பிரிட்ஜோடு சேர்த்தே எடுத்துப் பொருத்துங்கள். பிறகு சில நாட்கள் ஓடவிட்டு, வேகத்தைச் சரிசெய்யுங்கள். பாகம் எடுத்த அந்தக் கடிகாரத்தின் மீதியைத் தூக்கி எறிய வேண்டாம். உங்கள் தந்தையின் கடிகாரம் இருக்கும் அதே டப்பாவில், அதன் பெயர் எழுதிய உறையில் போட்டு வையுங்கள்.

அன்புடன்